டிப்ரஷனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ், பென்ஷன் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு டிப்ரஷன். 2019 கடைசில ஆரம்பிச்சது, 2023-ல தான் சான்றிதழ் கைக்கு வந்துச்சு, நடுவுல ஒரு தடவை மெடிக்கல் போர்டு (ஊனத்தை அளந்து சதவீதம் போடற டாக்டர்கள் குழு) வரைக்கும் போய் வெறுங்கையோட திரும்பினோம். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, பக்கத்துத் தெருக்காரங்க, ஓபி பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்க தான். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். நான் டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல, அவனோட அக்கா, அவ்ளோதான். சட்டம் இந்தியா முழுசுக்கும் ஒண்ணு, பென்ஷன் பஸ் மாதிரி விஷயம் மட்டும் தமிழ்நாட்டு நிலவரம்.

கை கால் நல்லா தானே இருக்கு, டிப்ரஷன் எல்லாம் மாற்றுத்திறனாளில சேருமா?

சேரும். இது ஒண்ணும் நேத்து வந்த சட்டம் இல்ல, 1995-ல வந்த பழைய சட்டத்துலயே 7 வகை ஊனத்துல மனநோய் ஒண்ணு. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2017 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கு) அதை 21 வகையாக்குச்சு, அதுலயும் மனநோய் இருக்கு. ஆனா லிஸ்ட்ல "டிப்ரஷன்"னு தனியா தேடினா கிடைக்காது, அதைப் பாத்துட்டு தான் நிறைய பேர் "நமக்கு இல்ல போல"ன்னு விட்டுடறாங்க. மனநோய்னா என்னன்னு சட்டம் சொல்ற இடத்துல, சிந்தனை, மனநிலை, ஞாபகம் இதுல எல்லாம் பெரிய கோளாறு வந்து, அதனால அன்றாட வாழ்க்கையோட சாதாரணத் தேவைகளையே சமாளிக்க முடியாம போறதுன்னு ஒரு விளக்கம் வருது. அந்த "மனநிலை"ங்கற வார்த்தைக்குள்ள தான் டிப்ரஷன் இருக்கு. அரசாங்கப் பேப்பர்ல தமிழ்ல மனச்சோர்வுன்னு போடுவாங்க.

டாக்டர் டிப்ரஷன்னு எழுதிக் குடுத்தா போதுமா?

போதாது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சிட்டா மீதி எல்லாம் புரிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

நோய் இருக்குன்னு சொல்றது வேற, அந்த நோயால எவ்ளோ முடங்கிப் போயிருக்கோம்னு சொல்றது வேற. சான்றிதழ் ரெண்டாவதுக்கு தான். எவ்ளோ சோகமா இருக்கோம், எவ்ளோ அழறோம்னு யாரும் அளக்கப் போறது கிடையாது. குளிக்கறியா, யார்கிட்டயாவது பேசறியா, சொன்னா புரியுதா, வேலை பாக்க முடியுதா, இதைத் தான் அளப்பாங்க. டிப்ரஷன் வந்த நிறைய பேர் மாத்திரையும் கவுன்சிலிங்கும் எடுத்து நல்லாயிடறாங்க, அவங்களுக்கு 40 சதவீத ஊனம்னு வராது, வராம இருக்கறது தான் அவங்களுக்கு நல்லது. வருஷக் கணக்கா மருந்து எடுத்தும் எந்திரிக்க முடியாம கெடக்கறவங்களுக்குத் தான் இது. அந்த 40 தான் கோடு, அதுக்குக் கீழ போட்டா கார்டு வரும் ஆனா சலுகை பெரும்பாலும் எதுவும் வராது.

சரி, எப்படி அளக்கறாங்க?

ஐடியாஸ்னு ஒரு அளவுகோல், இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கமிட்டி உருவாக்கினது, அரசாங்கம் ஏத்துக்கிட்டது. நாலு தலைப்பு. முதல்ல தன்னைத் தானே கவனிச்சுக்கறது, அதாவது குளியல், பல் விளக்கறது, சாப்பாடு, துணி, மருந்து. அப்புறம் மத்தவங்களோட பழகறது. மூணாவது பேசறதும் புரிஞ்சுக்கறதும். நாலாவது வேலை. ஒவ்வொண்ணுக்கும் 0-லேர்ந்து 4 வரை மார்க், 0-ன்னா பிரச்சனையே இல்ல, 4-ன்னா முழுசா முடியல. நாலையும் கூட்டினா அதிகபட்சம் 16, அதோட எவ்ளோ காலமா நோய் இருக்குங்கறதுக்கு 1-லேர்ந்து 4 வரை சேர்ப்பாங்க, ஆக மொத்தம் 20.

6 வரைக்கும் வந்தா 40 சதவீதத்துக்குக் கீழ. 7-லேர்ந்து 13-ன்னா 40 டு 70. 14-லேர்ந்து 19-ன்னா 71 டு 99. இருபதுக்கு இருபதுன்னா 100. என் தம்பிக்கு ரெண்டாவது தடவை எப்படி வந்துச்சுன்னா, தன்னைக் கவனிச்சுக்கறதுல 2, பழகறதுல 2, பேச்சுல 1, வேலைல 3, மொத்தம் 8, வருஷத்துக்கு 2, ஆக 10. அப்ப 40 டு 70-க்குள்ள வந்துட்டான். பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்ல இது, கூட வந்துச்சேன்னு சந்தோஷப்பட முடியாது, அந்தப் பேப்பரை வாங்கிட்டு நான் வெளில வந்து கொஞ்ச நேரம் படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

இன்னொண்ணு, நோய் வந்து 2 வருஷமாவது ஆகியிருக்கணும்னு அந்த அளவுகோலோட வழிகாட்டுதல்லயே இருக்கு, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி இருக்கறப்பவும் அளக்க மாட்டாங்க, வீட்டுல இருந்து வர்றவங்களுக்குத் தான். மூணு மாசமா மனசு சரியில்லன்னு போனா திருப்பி அனுப்பிடுவாங்க, அது அவங்க தப்பு கிடையாது.

போர்டுக்கு எப்படிப் போகணும்? என்ன கேப்பாங்க?

எங்களுக்கு முதல் தடவை என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், அதுலயே பதில் இருக்கு.

2022-ல முதல் தடவை வரச் சொன்ன அன்னிக்கு அம்மா விடியக்காலம் 4 மணிக்கே எந்திரிச்சு தம்பிக்கு வெந்நீர் வச்சு, அவனைக் கெஞ்சிக் கெஞ்சி உக்கார வச்சு அவங்களே தலைக்கு ஊத்தி, தாடியை எடுக்க வச்சு, தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி, நெத்தில விபூதியும் வச்சு கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி அவன் குளிச்சு 11 நாள் ஆச்சு. உள்ள போனதும் டாக்டர் "சாப்பிட்டியாப்பா"ன்னாரு, "ம்"ன்னான். "நல்லா தூங்கறியா", "ம்". "வீட்டு வேலை ஏதாச்சும் செய்வியா", அதுக்கும் "ம்". நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டு "நல்ல புள்ளைங்க சார், சொன்ன பேச்சு கேப்பான், கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. பெத்தவங்க வேற என்ன சொல்லுவாங்க, அவங்களுக்கு அது பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கற மாதிரி தான் இருந்திருக்கு. அஞ்சு நிமிஷம் தான், 40-க்குக் கீழ போட்டுட்டாங்க. டாக்டர் கண்ணு முன்னாடி இருந்தது சுத்தமா உடுத்திட்டு, கேட்டதுக்கு எல்லாம் தலையாட்டற ஒரு பையன், அவர் அதைத் தானே எழுதுவாரு.

ரெண்டாவது தடவை அவன் எப்படி இருந்தானோ அப்படியே கூட்டிட்டுப் போனோம். முந்தின ஒரு மாசமா நான் ஒரு நாப்பது பக்க நோட்டுல தினம் ரெண்டு வரி எழுதி வச்சிருந்தேன். "செவ்வாய், மத்தியானம் 3 மணிக்கு எந்திரிச்சான், பல் விளக்கல, ரெண்டு இட்லி, அம்மா ஊட்டினாங்க." "வெள்ளி, மாமா வந்தாரு, ரூம் கதவைத் திறக்கல." "ஞாயிறு, நல்லா இருந்தான், டிவி பாத்தான், என்கூட கேரம் ஆடினான்." நல்லா இருந்த நாளையும் விடாம எழுதினேன், அதனால தான் அந்த டாக்டர் நோட்டை நம்பினாங்கன்னு நினைக்கிறேன். கூட இருக்கறவங்ககிட்ட கேட்டு எழுதறது அந்த அளவுகோல்லயே இருக்கற முறை தான், அதனால நோயாளி பேசலன்னா பயப்படாதீங்க, கூட யார் போறாங்கங்கறது தான் முக்கியம். வீட்டுல யாருக்கு அவங்களோட 24 மணி நேரமும் தெரியுமோ அவங்க போகணும். கௌரவம் பாக்கற பெரியப்பாவை அனுப்பாதீங்க.

அப்போ கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா?

கூடாது. நான் சொல்றது மறைக்காதீங்கன்னு, நடிங்கன்னு இல்ல. இல்லாத ஊனத்தைக் காட்டி சலுகை வாங்கினா 2016 உரிமைச் சட்டத்தோட 91-வது பிரிவுல 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். அதை விட முக்கியமா, ஒருத்தர் பொய் சொல்லி வாங்கினா அடுத்து உண்மையா முடங்கிப் போய் வர்ற பத்து பேரை டாக்டர் சந்தேகமா பாப்பாரு. ஆஸ்பத்திரி வாசல்ல "இத்தனை ஆயிரம் குடு, 60 போட்டுத் தரேன்"னு வர்ற புரோக்கர் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க, சான்றிதழுக்கு ஃபீஸே கிடையாது.

என்னென்ன பேப்பர் வேணும்?

ஆதார், போட்டோ, இருப்பிடச் சான்று, இது மூணும் எல்லாருக்கும் பொது. நம்ம கேஸ்ல உயிரே ட்ரீட்மெண்ட் பேப்பர்ல தான் இருக்கு. ஜிஹெச்-ல குடுக்கற ஓபி நோட்டு, மாத்திரை சீட்டு, அட்மிட் ஆகியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி ஒரு ஃபைல்ல போடுங்க. ஜெராக்ஸ் ரெண்டு செட். நடுவுல ஆறு மாசம் எட்டு மாசம்னு மருந்தை விட்டிருந்தா அந்த இடைவெளியைப் பத்திக் கேப்பாங்க, உண்மையைச் சொல்லுங்க. காசு இல்லாம விட்டோம், கோயில் மந்திரிக்கறதுன்னு அலைஞ்சோம், இல்ல மருந்து சாப்பிட்டா தூங்கிக்கிட்டே இருக்கான்னு நிறுத்தினோம், எதுவா இருந்தாலும் சரி, அவங்க இதை எல்லாம் கேக்காதவங்க இல்ல.

பேப்பர் தொலைஞ்சு போச்சுன்னா ட்ரீட்மெண்ட் எடுத்த இடத்துலயே கேளுங்க. 2017 மனநலச் சட்டத்தோட 25-வது பிரிவு, தன்னோட மருத்துவப் பதிவுகளைப் பாக்கறதுக்கும் வாங்கறதுக்கும் நோயாளிக்கு உரிமை இருக்குன்னு சொல்லுது. எழுத்துல ஒரு மனு குடுத்தா போதும்.

பிரைவேட் டாக்டர்கிட்ட தான் பாத்தோம், அவர் சர்டிபிகேட் செல்லுமா?

அவர் பேப்பர் ஆதாரமா செல்லும், மாற்றுத்திறனாளி சான்றிதழா செல்லாது. சதவீதம் போடற அதிகாரம் அரசு நியமிச்ச மருத்துவ அதிகாரிக்கும் போர்டுக்கும் மட்டும் தான். அவர்கிட்ட ஒரு விவரமான லெட்டர் வாங்கிக்குங்க, எந்த வருஷத்துலேர்ந்து பாக்கறாரு, என்னென்ன மருந்து மாத்தினாரு, இன்னும் என்னென்ன செய்ய முடியலன்னு. ஒரு வரில "நோயாளி என் சிகிச்சையில் உள்ளார்"னு எழுதிக் குடுத்தா அதுல ஒண்ணும் இல்ல.

எங்க அப்ளை பண்றது?

யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) போர்டல், அதாவது சுவாவலம்பன் கார்டு வெப்சைட்டு. 2021 ஜூன்லேர்ந்து நாடு முழுக்க சான்றிதழ் ஆன்லைன் வழியா மட்டும் தான். நமக்கு வராதுன்னா இ-சேவை மையத்துல போட்டுக்கலாம், இல்ல கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனா அவங்களே வழி சொல்லுவாங்க, எந்தக் கிழமை மனநல டாக்டர் வர்றாருங்கறதையும் அங்கயே கேட்டுக்குங்க. அது தெரியாம எலும்பு டாக்டர் உக்காந்திருக்கற நாள்ல போய் ஒரு நாள் லீவு வீணாச்சு எங்களுக்கு. 2024 அக்டோபர்ல விதியைத் திருத்தி 3 மாசத்துக்குள்ள முடிக்கணும்னு வச்சிருக்காங்க. முன்னாடி 1 மாசம்னு இருந்துச்சு. அப்ளிகேஷன் நம்பரை பத்திரமா வச்சுக்குங்க.

கார்டுல கலர் வரும், 40-க்குக் கீழன்னா வெள்ளை, 40-லேர்ந்து 80-க்குள்ளன்னா மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம்.

வீட்டம்மா, வேலைக்கே போனதில்ல. வேலைங்கற தலைப்புல எப்படி மார்க் போடுவாங்க?

இதை யாரும் கேக்காமலே விட்டுடறாங்கங்கறது தான் எனக்கு வருத்தம். வேலைன்னா சம்பள வேலை மட்டும் இல்ல, அந்த அளவுகோல்ல வீட்டு வேலைக்குத் தனியா இடம் இருக்கு, படிக்கற பிள்ளைங்களுக்குப் படிப்பும் அப்படித் தான். எங்க தெருவுல ஒரு அக்கா, மூணு வருஷமா அடுப்பு பக்கமே போகல, மாமியார் தான் சமைக்கறாங்க, பிள்ளைக்கு டிபன் கட்டறது மூத்த பொண்ணு, ஆனா அவங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட "வீட்டுல தான் சார் இருக்கா, வேலை ஒண்ணும் கஷ்டம் இல்ல"ன்னு சொல்லிட்டாரு. பொம்பளை வீட்டுல இருந்தாலே வேலை நடக்குதுன்னு நினைப்பு. அவங்க செய்யாம விட்ட வேலையை இப்ப யார் செய்யறாங்கன்னு சொல்லுங்க, அது தான் பதில்.

மாசம் எவ்ளோ கிடைக்கும்?

பெரிய தொகை இல்ல, முதல்லயே சொல்லிடறேன். தமிழ்நாட்டுல வருவாய்த்துறை வழியா குடுக்கற மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரிலேர்ந்து 1500 ரூபாய் ஆச்சு, முன்னாடி 1000. 18 வயசு ஆகியிருக்கணும், 40 சதவீதமாவது இருக்கணும், வறுமைல இருக்கறவங்களுக்குத் தான், விஏஓ ஆர்ஐ விசாரிச்சு அனுப்பி தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் உத்தரவு போடுவாரு. மத்திய அரசோட இந்திரா காந்தி பேர்ல இருக்கற பென்ஷன் திட்டத்துக்கு 80 சதவீதம் வேணும், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கணும், டிப்ரஷன்ல அவ்ளோ தூரம் வர்றவங்க கொஞ்சம் பேர் தான்.

"2000 ரூபாய் குடுக்கறாங்களாமே"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. அது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையோட பராமரிப்பு உதவித்தொகை, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, 75 சதவீதத்துக்கு மேல கடுமையா பாதிக்கப்பட்டவங்கன்னு வகை பிரிச்சுக் குடுக்கறது. டிப்ரஷனுக்கு 40 டு 70 வாங்கினவங்க போக வேண்டிய கவுண்டர் தாலுகா ஆபீஸ் தான், ரெண்டு ஆபீஸுக்கும் நடுவுல பந்து மாதிரி உருளாதீங்க.

வேலைல இருக்கேன், ஆனா போகவே முடியல. ராஜினாமா பண்ணிட்டு அப்ளை பண்ணலாமா?

தயவுசெஞ்சு அவசரப்பட்டு எழுதிக் குடுக்காதீங்க. முதல்ல சம்பளத்துல ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கறாங்களான்னு பாருங்க. மாசம் 21,000 வரை சம்பளம்னா, மாற்றுத்திறனாளியா இருந்தா 25,000 வரை, ஈஎஸ்ஐ உண்டு. மில்லு, கார்மெண்ட்ஸ், லெதர் கம்பெனி, கடைன்னு லட்சக் கணக்கான பேர் இதுல இருக்கோம், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும் தான் அந்த அட்டைன்னு நினைச்சுட்டு இருக்கோம்.

உடம்பு முடியலன்னு ஈஎஸ்ஐ டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா வருஷத்துல 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் வரும். அதுக்கும் மேல, நீண்ட கால நோய்னு 34 நோய் லிஸ்ட் ஒண்ணு வச்சிருக்காங்க, காச நோய், கேன்சர் எல்லாம் இருக்கற அந்த லிஸ்ட்ல மனநோய்ங்கற தலைப்புல எண்டோஜீனஸ் டிப்ரஷன்னு (வெளிக் காரணம் இல்லாம உள்ளுக்குள்ளேர்ந்து வர்ற டிப்ரஷன்) பேர் போட்டே இருக்கு. அதுல வந்தா 80 சதவீத சம்பளம், 2 வருஷம் வரைக்கும். ஆனா வேலைல சேர்ந்து 2 வருஷம் ஆகியிருக்கணும், அதுக்கு முந்தின நாலு பங்களிப்புக் காலத்துல (ஒரு காலம்னா 6 மாசம்) 156 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். அந்த மாதிரி ஈஎஸ்ஐ பணம் வாங்கிட்டு லீவுல இருக்கற ஆளை அந்த சமயத்துல வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னும் 1948 ஈஎஸ்ஐ சட்டத்துலயே இருந்துச்சு (2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புதுச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு).

என் தம்பி மில்லுல மெயின்டனன்ஸ்ல நாலு வருஷம் வேலை பாத்தவன். 2020-ல அவன் வேலைக்குப் போகாம இருந்தப்ப ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டு "உடம்பு சரியானதும் வா, இப்ப எழுதிக் குடுத்துடு"ன்னாங்க, அப்பா அவனைக் கூட்டிட்டுப் போய் கையெழுத்து போட வச்சு, நன்றி சொல்லிட்டு வந்தாரு. 2 வருஷம் சம்பளத்துல 80 சதவீதம் வந்திருக்க வேண்டிய வீடு, அந்த ரெண்டு வருஷமும் அம்மாவோட தோட்டை வச்சு மருந்து வாங்குச்சு. யார் மேலயும் கோவம் இல்ல, எங்களுக்குத் தெரியல, சொல்றதுக்கு ஆளும் இல்ல. நீங்க அந்தக் கையெழுத்தைப் போடறதுக்கு முன்னாடி உங்க ஐபி நம்பரை (ஈஎஸ்ஐ அட்டைல இருக்கற நம்பர்) எடுத்துட்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துல ஒரு தடவை கேட்டுடுங்க.

அரசு வேலைல இருந்தா?

உங்களுக்கு இன்னும் பலமான பிடி இருக்கு. உரிமைச் சட்டம் 20-வது பிரிவு, நாலாவது உட்பிரிவு, பணில இருக்கறப்ப ஊனம் வந்த அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது, அந்த வேலை முடியலன்னா அதே சம்பளத்துல வேற வேலை குடுக்கணும். 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, சிஆர்பிஎஃப் (மத்திய ரிசர்வ் போலீஸ்) அதிகாரி ஒருத்தர், ஓசிடியும் (ஒரே எண்ணமும் செய்கையும் திரும்பத் திரும்ப வர்ற நோய்) அதோட சேர்ந்த கடுமையான டிப்ரஷனும், 40 டு 70 சதவீதம் சான்றிதழ், அவர் மேல துறை நடவடிக்கை எடுத்திருந்தாங்க. மனநோய் அந்த நடத்தைக்கு ஒரு காரணமா இருந்தாலே, அதுக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கறது பாகுபாடு தான்னு சொல்லி கோர்ட்டு அதை ரத்து பண்ணுச்சு. மெமோ வாங்கிட்டு பயந்து போய் இருக்கறவங்க இந்தத் தீர்ப்பை ஒரு நல்ல வக்கீல்கிட்ட காட்டணும்.

புதுசா வேலை தேடறவங்களுக்கு, அரசு வேலைல 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கு, அதுல 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாத்துக்கும் சேர்த்து. உயர்கல்வில 5 சதவீதம்.

அப்பா அம்மா அரசு ஊழியர், பிள்ளைக்கு டிப்ரஷன். அவங்களுக்கு அப்புறம் என்ன ஆகும்?

இந்தப் பயத்துல தூங்காத பெத்தவங்களை நான் ஓபில பாத்திருக்கேன். மத்திய அரசு பென்ஷன் விதிகள்ல, மனநோயாலயோ உடல் ஊனத்தாலயோ சொந்தமா சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு 25 வயசு வரம்பு இல்லாம வாழ்நாள் முழுக்க குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனா டிப்ரஷன்னு ஒரு பேப்பர் போதாது, சம்பாதிக்க முடியலங்கறது நிரூபணமாகணும். பெத்தவங்க உயிரோட இருக்கறப்பவே ஆபீஸ்ல பிள்ளை பேரைப் பதிஞ்சு சான்றிதழையும் சேர்த்து வச்சிடுங்க, பின்னாடி அந்தப் பிள்ளை தனியா நின்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி இதை வாங்கற நிலைமைல இருக்காது.

வேற என்ன சலுகை?

டவுன் பஸ்ல (சாதாரண கட்டணப் பஸ்) இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கும் சேர்த்து. வருமான வரி கட்டறவங்களுக்கு பழைய வரி முறைல 75,000 கழிவு, 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. 1961 வருமான வரிச் சட்டத்துல தனக்குன்னா 80யூ பிரிவு, சார்ந்திருக்கறவங்களுக்குன்னா 80டிடி பிரிவு. ரயில்வே கன்செஷன் அறிவுசார் குறைபாட்டுக்கு உண்டு, மனநோய்க்கு இல்ல, டிக்கெட் கவுண்டர்ல சண்டை போடாதீங்க. நிரமயாங்கற மத்திய அரசோட மருத்துவ இன்சூரன்ஸும் மனநோய்க்கு இல்ல.

பைத்தியம்னு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா? கல்யாணம் ஆகுமா? சொத்துல கையெழுத்து செல்லுமா?

அம்மா முதல் நாள் கேட்டது இது தான். 2017 மனநலச் சட்டத்துல 3-வது பிரிவு தெளிவா சொல்லுது, ஒருத்தருக்கு மனநோய் இருக்குன்னு முடிவு பண்ணினதால மட்டும் அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர்னு ஆயிடாது, அப்படி ஒரு கோர்ட்டு சொன்னா தவிர. அதனால கையெழுத்து, பேங்க் அக்கவுண்ட், ஓட்டு எல்லாம் அப்படியே இருக்கும். கார்டை யாருக்குக் காட்டணும்னு நீங்க தான் முடிவு பண்றீங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்ட மாட்டாங்க. கல்யாணத்தைப் பத்தி அந்தச் சட்டத்துல பதில் இல்ல, என் கருத்தைச் சொல்றேன், மறைச்சு பண்ணாதீங்க, வர்ற பொண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளை.

40-க்குக் கீழ போட்டுட்டாங்க. என்ன பண்றது?

90 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், உரிமைச் சட்டம் 59-வது பிரிவு. மாநில அரசு நியமிச்ச மேல்முறையீட்டு அதிகாரிக்கு சான்றிதழ் நகலோட, எதை விட்டுட்டாங்கன்னு எழுதி அனுப்பணும், நோயாளியால முடியலன்னா பெத்தவங்களோ காப்பாளரோ பண்ணலாம். எழுத ஆள் இல்லையா, கோர்ட்டு வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு, போன்ல கேக்க 15100. நாங்க அப்பீல் பண்ணல, அந்த 90 நாள் விஷயமே அப்பத் தெரியாது, ஒரு வருஷம் கழிச்சு புதுசா போட்டோம்.

அவங்களால படுக்கையை விட்டே எந்திரிக்க முடியல, இதுல எப்படி ஆபீஸ் ஆபீஸா அலையறது?

அவங்க அலைய வேண்டாம், நீங்க அலைங்க. ஃபார்ம், ஜெராக்ஸ், இ-சேவை, தாலுகா ஆபீஸ் எல்லாம் வீட்டுல ஒருத்தர் பாத்துக்கலாம், அவங்க நேர்ல வர வேண்டியது போர்டு அன்னிக்கு. அன்னிக்கும் எந்திரிக்கலன்னா திட்டாதீங்க, அடுத்த தேதி வாங்கிக்கலாம், தம்பிக்கு அப்படி ரெண்டு தடவை ஆச்சு. படிக்கறவங்க நீங்களே அந்த நிலைமைல இருந்தீங்கன்னா, யாராவது ஒருத்தர்கிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க, அது போதும் இன்னிக்கு. சாகணும்னு நினைப்பு வந்துச்சுன்னா சான்றிதழ் எல்லாம் அப்புறம், முதல்ல 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. நான் ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு மொட்டை மாடில நின்னு பேசியிருக்கேன், எடுத்த அம்மா முதல்ல கேட்டது தம்பி இப்ப எங்க இருக்கான், பக்கத்துல யார் இருக்காங்கன்னு.

ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் போதுமா?

மாற வாய்ப்பு இருக்கற நோய்னா எது வரைக்கும் செல்லும்னு தேதி போட்டுத் தான் குடுப்பாங்க, டிப்ரஷனுக்கு பெரும்பாலும் அப்படித் தான். அது முடியறதுக்கு முன்னாடி திரும்பப் போய் அளந்துட்டு வரணும், அது வரைக்கும் ஓபிக்குப் போறதை விடக்கூடாது, நோட்டுல தேதி விழுந்துட்டே இருக்கணும். இப்ப தம்பி காலைல 9 மணிக்கு எந்திரிக்கறான், பக்கத்து மெக்கானிக் ஷெட்டுல வாரத்துல மூணு நாள் போய் உக்காந்திருப்பான், முடிஞ்சா ஒரு கார்புரேட்டர் கழட்டித் துடைப்பான். அடுத்த தடவை அளக்கறப்ப 40-க்குக் கீழ போயிடுமேன்னு அப்பா கவலைப்படறாரு, அம்மா அப்படியே ஆகட்டும்னு சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்கற காலண்டர்ல அந்தத் தேதியைச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க.